மூன்றாம் தட்டு, பதினேழாம் டப்பா

அன்று காலை ஷெட்டுக்குள் நுழையும்போதே வசுந்தராவிடம் பாதி உயிர்தான் மிச்சமிருந்தது. நாலரை மணிக்கு எழுந்து, ஆறு பேருக்குச் சமைத்து, இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டி, சிம்மக்கல்லில் டவுன் பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் நின்று, காளவாசல் வரை ஒற்றைக் காலில் தொங்கி வந்திருக்கிறாள். இறங்கிய பிறகுதான் டிபன் பாக்ஸை அடுப்படி மேடையிலேயே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. சரி, ஒரு நாள் சாப்பிடாவிட்டால் செத்தா போய்விடுவோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மீதிப் பாதி உயிரைத் தொலைபேசி வாங்கிக்கொண்டது.

"மேடம், மைக்கேல்ராஜ் பேசுறேன். நல்லகாமன் பாடி ஒர்க்ஸ், டி. கல்லுப்பட்டி."

"சொல்லுங்க சார். சாம்பிள் மாட்டிப் பாத்தீங்களா?"

"மாட்டிப் பாத்தாச்சு. வண்டி கேட்டைத் தாண்டல மேடம், பின்னாடி லைட்டு அணஞ்சு போச்சு. நோயாளி படுக்குற பக்கம் மொத்தமும் இருட்டு. ஆம்புலன்ஸ் மேடம் இது, கல்யாண வண்டி இல்ல."

வசுந்தரா பேனாவைத் தேடி எடுத்தாள்.

"நாலு மணிக்கு நான் மதுரைக்கு வாரேன். சாம்பிளை எங்க டிரைவர்ட்ட இப்பவே குடுத்து விட்டுட்டேன், பத்தரைக்கு வந்துரும். என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சுச் சரி பண்ணி வச்சீங்கன்னா பாப்பேன். இல்லேன்னா ஆர்டரைக் கோயமுத்தூர் பார்ட்டிக்குக் குடுத்துருவோம்னு முதலாளி சொல்லிட்டாரு. எனக்கும் வேற வழி தெரியல."

மனிதர் கெட்டவரில்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

போன வாரம் மாட்டுத்தாவணியில் பரமக்குடி பஸ்ஸில் பெட்டியோடு ஏறி உட்கார்ந்துவிட்ட இந்துப்ரியாவைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டி வந்தாளே, அந்த வசுந்தராதான் இவள். இந்து அவளுடைய ஓரகத்தி; கொழுந்தன் கார்த்திகேஷின் மனைவி. கல்யாணமாகிப் பத்து மாதம் ஆகிறது. கூரியர் சீட்டு ஒன்றைத் தொலைத்துவிட்டாள் என்பதற்காக, "உனக்கு ஒரு வேலையாவது உருப்படியாத் தெரியுமா?" என்று நாலு பேர் முன்னால் கார்த்திகேஷ் கேட்ட கேள்விதான் அந்தப் பெட்டியைக் கட்ட வைத்தது. வசுந்தரா அரை மணி நேரம் பஸ்ஸுக்குள் அவளருகே உட்கார்ந்து பேசி, கண்டக்டரிடம் ஏச்சும் வாங்கி, அழைத்து வந்தாள். வந்த நாளிலிருந்து அந்தப் பெண் வீட்டில் சத்தம் போட்டுத் தும்மக்கூட இல்லை.

தொழில் இதுதான்: வண்டிகளுக்கு ஒயர் கட்டுவது. ஒரு வண்டிக்குள் விளக்குக்கும் ஹாரனுக்கும் மின்விசிறிக்கும் ஓடுகிற ஒயர்களையெல்லாம் அளந்து வெட்டி, நுனிகளில் கனெக்டர் மாட்டி, டேப் சுற்றி, ஒரே கட்டாகக் கொடுக்க வேண்டும். ஹார்னஸ் என்று அதற்குப் பெயர். ஷெட்டில் பதினோரு பெண்கள் ஆணியடித்த பலகைகளில் ஒயர்களை ஓட்டிக் கட்டுகிறார்கள். வசுந்தராவின் கணவன் ஹரிராம் முதலாளி. தம்பி கார்த்திகேஷ் வெளி வேலைகளையும் டெஸ்டிங்கையும் பார்க்கிறான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் வந்தது. ஹார்னஸைத் திரையிலேயே வரைந்து, எந்த ஒயர் எவ்வளவு நீளம், எந்த முனையில் எந்தக் கனெக்டர் என்று கணக்காகச் சொல்லிவிடும் மென்பொருள். கற்றுக்கொள்ள யாருக்கும் நேரமில்லை. வசுந்தராதான் கே.கே. நகரில் பெனடிக்ட் சார் வகுப்புக்கு மூன்று மாதம் போய் வந்தாள். பதினைந்து வருஷமாக அடுப்படியில் நின்றே பழகியவளுக்கு முப்பத்தேழு வயதில் உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது. ஒட்டுப்பலகைத் தடுப்புக்குப் பின்னால், ஒரு காலில் அட்டை மடித்து வைத்த நாற்காலிதான். இருக்கட்டுமே. அவளுக்கு அது ராஜ ஆசனம்.

அந்த ஆசனத்துக்குத்தான் இப்போது ஆபத்து. ஆம்புலன்ஸுக்கு அனுப்பிய முதல் சாம்பிள் நீளம் பற்றாமல் ஆவணியில் திரும்பி வந்தது. அன்றே ஹரிராம் சொல்லிவிட்டான். "இன்னொரு தடவை திரும்பி வந்துச்சுன்னா வரையுற வேலையைச் சென்னைக்கே குடுத்துருவோம் வசு. கார்த்தியோட படிச்ச பையன் அங்க ஆபீஸ் வச்சிருக்கானாம். நீயும் எத்தன பக்கந்தான் ஓடுவ."

அக்கறையாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

ஹரிராமும் கார்த்திகேஷும் சிவகாசிப் பக்கம் ஒரு பார்ட்டியைப் பார்க்கப் போயிருந்தார்கள். மத்தியானம்தான் வருவார்கள். நல்லதாகப் போயிற்று என்று வசுந்தரா கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

திரையின் இடது ஓரத்தில் அவளுடைய பட்டியல் விரிந்தது. மரம் என்பார் பெனடிக்ட் சார். கிளை பிரிந்து கிளை பிரிந்து போகும். ஒயர்கள் ஒரு கிளை, கிளிப்புகள் ஒரு கிளை, கனெக்டர்கள் ஒரு கிளை. அதில் ஒன்றைத் தொட்டால் நடுவில் இருக்கும் படத்தில் அந்தச் சாமான் மட்டும் ஆரஞ்சு நிறமாகும். வந்த புதிதில் மவுஸை இழுத்துக் கட்டம் போட்டு மொத்தமாகத் தேர்ந்தெடுப்பாள். அப்படிச் செய்தால் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்த சாமானும் கூடவே அகப்பட்டுக்கொள்ளும். ஒரு தடவை அப்படித்தான் ஒன்றை மாற்றப் போய் ஒன்பதை மாற்றினாள். அன்றிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் தொடுவாள்.

இன்றும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். மற்றதையெல்லாம் மறைத்துவிட்டு, ஒன்றை மட்டும் திரையில் நிறுத்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கழலாமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு எந்தப் பக்கம், ஓட்டை எத்தனை, எந்த ஒயர் எந்த ஓட்டைக்குள் போகிறது. முப்பத்தொரு கனெக்டர். பதினொன்றரை மணிக்கு முப்பத்தொன்றாவதும் முடிந்தது. கண்கள் எரிந்தன.

ஒரு தப்பும் இல்லை.

தப்பு இருந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இப்போது எங்கே போய்த் தேடுவது?

திரும்பி வந்த சாம்பிள் பலகைமேல் கிடந்தது. வசுந்தரா அதைக் கையிலெடுத்து நடுப்பகுதியிலிருந்த வெள்ளைக் கனெக்டர் ஜோடியை அழுத்தி மாட்டினாள். மாட்டியது. லேசாக உதறினாள். கழன்று விழுந்தது.

வழக்கமாக 'டிக்'கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வரவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பூட்டு மேல்பக்கம் இருக்க வேண்டிய கனெக்டரில் அது பக்கவாட்டில் இருந்தது. பல்பு வைத்துப் பார்க்கும் டெஸ்டில் இது தெரியாது. பல்பு சமர்த்தாக எரியும். வண்டி குலுங்கும்போதுதான் தெரியும்.

"சோணையம்மா, இங்க வா. இது எந்த டப்பாவுல எடுத்தது?"

சோணையம்மாள் ஷெட்டின் மூத்த கை. அவள் ஒயரில் கை வைத்தால் மெஷின்கூட வெட்கப்படும். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பதினேழுல எடுத்தேன் வசும்மா. தாள்ல பதினேழுன்னுதான போட்டிருக்கு?"

இந்த இடத்தில் வசுந்தராவின் ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். கனெக்டர் கம்பெனிக்காரன் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு இலக்கத்தில் நம்பர் கொடுத்திருப்பான். அந்த நம்பராலேயே கம்ப்யூட்டரில் பெயர் வைக்கச் சொல்லி பெனடிக்ட் சார் தலையிலடித்துக்கொண்டார். வசுந்தராதான் கேட்கவில்லை. பன்னிரண்டு இலக்கத்தை வைத்துக்கொண்டு சோணையம்மாள் என்ன செய்வாள்? ஷெட்டில் ஆறு தட்டு அலமாரி; தட்டுக்கு எட்டாக நாற்பத்தெட்டுப் பிஸ்கட் டப்பாக்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு வகைக் கனெக்டர். டப்பாமேல் சாக்பீஸில் நம்பர். திரையிலும் அதே பெயர்: டப்பா ஒன்று, டப்பா இரண்டு. திரையில் தேர்ந்தெடுத்தால் அச்சுத் தாளில் டப்பா நம்பர் வரும். கை நேராக அங்கே போகும். இரண்டு வருஷமாக ஒரு தடவைகூடத் தவறவில்லை.

வசுந்தரா அலமாரி முன்னால் போய் நின்றாள். மூன்றாம் தட்டு முழுக்கவே ஆறு ஓட்டை வெள்ளைக் கனெக்டர்கள்தான். எட்டு டப்பாவிலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பூட்டுதான் வேறு வேறு.

டப்பாக்களில் சாக்பீஸ் நம்பர் இல்லை. பளபளவென்று துடைத்து, வெள்ளைத் தாள் ஒட்டி, நீல ஸ்கெட்ச் பேனாவில் அழகாக எழுதியிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். பெரிய டப்பா இடது ஓரம், சின்ன டப்பா வலது ஓரம், படி இறங்குகிற மாதிரி வரிசை. பதினேழைத் திறந்தாள். உள்ளே இருந்தது பழைய இருபது.

"ஆயுத பூசைக்கு உங்க ஓரகத்தி சின்னவுகதான் இந்தத் தட்டை ஒதுங்க வச்சாக," என்றாள் சோணையம்மாள். "பெருசு சிறுசா வச்சா லட்சணமா இருக்கும்னாக. அம்புட்டையும் துடைக்கணும்னுதான் ஆரம்பிச்சாக. நேரமாயிருச்சுன்னு ஒரு தட்டோட விட்டுட்டாக."

"எடுக்கும்போது உனக்குத் தெரியலையா? இருபது வருஷக் கை உனக்கு."

சோணையம்மாள் கனெக்டரைத் திருப்பிப் பார்த்தாள். "ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா, 'கண்ணால பாத்து எடுக்காத, தாளைப் பாத்து எடு'ன்னு நீங்கதான ஏசுனீக? தாள்ல என்ன இருக்கோ அதத்தான் எடுத்தேன்."

வசுந்தரா அங்கேயே ஒயர் பெட்டிமேல் உட்கார்ந்தாள். பூஜையன்று அவள் வீட்டில் சுண்டல் கிண்டிக்கொண்டிருந்தாள். பதினோரு நாளாக இந்த அலமாரியைத் தினமும் தாண்டிப் போகிறாள். சந்தனம் தெரிந்தது, மங்களமாக இருக்கிறதே என்று நினைத்ததோடு சரி. ஏறெடுத்து ஒரு நம்பரைப் பார்க்கவில்லை. யாருக்கு இருந்தது அந்தத் தெம்பு!

"எம்புட்டு நேரமாகும் சோணை, மாத்திக் கட்ட?"

"மூணு கனெக்டர், ஆறாறு ஒயரு. நறுக்கிட்டுப் புது நுனி அடிக்கணும். ரெண்டு மணி நேரம் விடுங்க."

"ஆரம்பி."

பன்னிரண்டே முக்காலுக்கு அண்ணனும் தம்பியும் வந்தார்கள். வாசலிலேயே யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஹரிராம் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

இவர்கள் வீட்டில் பேச்சு சௌராஷ்டிரம்தான். ஷெட்டில் மற்றவர்களுக்குப் புரியக் கூடாத சங்கதியையும் அதிலேயே பேசிக்கொள்வார்கள். அன்று ஹரிராம் தமிழில் கேட்டான். எல்லாரும் கேட்கட்டும் என்றுதான்.

"என்ன வசு, மறுபடியுமா?"

"கண்டுபிடிச்சுட்டேன். சரி பண்ணிக்கிட்டிருக்கோம். மூணு கனெக்டர் மாறிப்போச்சு."

"எப்படி மாறுச்சு?"

கார்த்திகேஷ் டெஸ்டிங் மேஜையில் தன் டைரியை வைத்தான். சட்டைப் பையில் எப்போதும் செருகியிருக்கும் சிவப்புப் பேனாவை எடுத்துத் திருகிக்கொண்டே, "யாரு தப்புன்னு இப்பவே தெரிஞ்சாகணும்ணே," என்றான். "நாளப்பின்ன மைக்கேல்ராஜ் கேட்டா நாமதான பதில் சொல்லணும்? கம்ப்யூட்டர்ல தப்பா எடுத்திருந்தா அதச் சொல்லிருவோம். இதுல மூடி மறைக்க ஒண்ணுமில்ல."

சோணையம்மாள் வாயைத் திறந்தாள். "அது வந்துங்கய்யா, பூசைக்குச் சின்னவுக..."

"சோணை, நீ வேலையப் பாரு," என்றாள் வசுந்தரா.

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பதினோரு பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இந்துவின் பெயர் இங்கே விழுந்தால், சாயங்காலம் அவள் பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை; கார்த்திகேஷே கட்டிக் கொடுத்துவிடுவான். இரண்டாம் தடவை இறக்கிக் கூட்டி வர எந்த முகத்தோடு மாட்டுத்தாவணிக்குப் போவது? அதோடு, பொய்யென்று முழுசாகவும் சொல்ல முடியாது. டப்பாவின் பெயரைச் சாமானுக்கு வைத்தவள் யார்? சாமான் இடம் மாறும், நம்பர் மாறாது என்று படித்துப் படித்துச் சொன்ன வாத்தியாரை அலட்சியம் செய்தவள் யார்?

"என் தப்புதான்," என்றாள். "டப்பா நம்பரை வச்சுக் கம்ப்யூட்டர்ல பேர் போட்டேன். அலமாரியில வரிசை மாறியிருக்கு. நான் சரிபாத்திருக்கணும். பாக்கல."

"வரிசைய யார் மாத்துனது?" என்று கேட்டான் ஹரிராம்.

"பூசைக்குத் துடைச்சப்ப மாறியிருக்கும். அதையெல்லாம் பாக்க வேண்டியது நான்தான?"

ஹரிராம் ஹெல்மெட்டைக் கழற்றினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கோபப்படவில்லை. வெயிலில் வந்த களைப்போடு அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றான்.

"ம்."

"உன்னால முடியல வசு. அதான் நிஜம். நான் உன்மேல குத்தம் சொல்லல. வீட்டையும் பாத்து இதையும் பாக்க மனுசியால முடியாது. இந்த ஆர்டர் நிக்குதோ போகுதோ, அடுத்த மாசத்துலருந்து வரையுறது சென்னைக்குப் போகட்டும். கார்த்தி, அந்தப் பையன்ட்ட பேசிரு."

"சரிண்ணே," என்றான் கார்த்திகேஷ். அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் டைரியைத் திறந்து சிவப்பு மையில் ஏதோ குறித்துக்கொண்டான்.

அழுகை வந்தால் தேவலை என்று வசுந்தராவுக்குத் தோன்றியது. அதற்கும் உடம்பில் ஈரம் வேண்டுமே! சோணையம்மாளுக்கு எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தானும் ஒரு முனையை நறுக்க ஆரம்பித்தாள். ஒரு பக்கம் ஒயரின் தோலை உரிப்பதும், மறுபக்கம் செப்பு நுனியை வைத்து அடிப்பதுமாக இரண்டு மணி நேரம் போயிற்று. ஒரே ஒரு தடவை சோணையம்மாள் தலை நிமிராமல் முணுமுணுத்தாள்.

"எனக்கு ஒரு ஓரகத்தி வாச்சாளே, எனக்காக ஒரு வாய் தண்ணி கேட்டு வாங்கித் தர மாட்டா. குடுத்து வச்ச மகராசி, சின்னவுக."

மைக்கேல்ராஜ் நாலு மணிக்குச் சொன்னபடி வந்தார். வந்த மனிதர் டீகூட வேண்டாமென்றார். ஹார்னஸைத் தூக்கினார், கனெக்டர்களை மாட்டினார். டிக். டிக். டிக். பிறகு இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்துக்கொண்டு, சிறுபிள்ளைகள் கயிறு ஆட்டுகிறமாதிரி ஒரு நிமிஷம் முழுக்க உதறினார். ஒன்றும் கழலவில்லை.

"இதத்தான் மேடம் முதல்லயே எதிர்பாத்தேன்." முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "நாளைக்கு வண்டியில மாட்டி ரோட்டுல விட்டுட்டா முடிஞ்சுது. எனக்கு நம்பிக்கை இருக்கு. நீங்க வரைஞ்ச ஓட்டம் ரொம்பச் சுத்தமா இருக்கு மேடம். ஒயரு எங்கயும் இடிக்கல, இழுக்கல. அடுத்த வண்டி பெருசு, அதுக்கும் நீங்களே வரைஞ்சு குடுங்க."

வசுந்தரா தரையைப் பார்த்தாள்.

"அடுத்ததுலருந்து சென்னையில வரையுறாங்க சார்," என்று கார்த்திகேஷ் முந்திக்கொண்டான். "பெரிய ஆபீஸு. வாங்க, பேசிக்கிட்டே வண்டி வரைக்கும் போவோம்."

ஆர்டர் நிலைத்தது. நாற்காலி போயிற்று. ஹரிராமும் அவர்கள் பின்னாலேயே வாசலுக்குப் போனான். வசுந்தரா தடுப்புக்குப் பின்னால் போய், தன் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"அக்கா!"

நிமிர்ந்தாள். இந்துப்ரியா. கையில் டிபன் பாக்ஸ், நெற்றியெல்லாம் வேர்வை.

"மேடையிலயே வச்சுட்டு வந்துட்டீங்களேக்கா. பிள்ளைங்க ஸ்கூல்லருந்து வரவும் பக்கத்து வீட்டுல விட்டுட்டு ஓடியாரேன். காலையிலருந்து ஒண்ணும் சாப்பிடலையா நீங்க? கண்ணெல்லாம் இப்படி உள்ள போயிருக்கு." மூடியைத் திறந்து கையில் திணித்தாள். "சாப்பிடுங்க மொதல்ல."

காலையில் கிண்டிய புளியோதரை. நாலு வாய் உள்ளே போனதும்தான் வசுந்தராவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொல்லிக்கொண்டாள்.

இந்து பலகைகளையும் பெண்களையும் பார்த்தாள். சோணையம்மாள் மட்டும் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏங்க்கா, எல்லாரும் ஒரு மாதிரி இருக்காங்க? நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

பத்து மாதத்தில் அவளுக்குப் பழகிப்போன கேள்வி அது.

"இல்லம்மா. சாம்பிள்ல மூணு கனெக்டர் மாறிப்போச்சு, அம்புட்டுதான். மூணாம் தட்டு டப்பா வரிசை மாறுனது எனக்குத் தெரியல. சரி பண்ணிட்டோம்."

"தெரியலையா?" இந்து விழித்தாள். "நான் எழுதிக் குடுத்தேனேக்கா."

வசுந்தராவின் கை டிபன் பாக்ஸிலேயே நின்றது.

"பழைய நம்பரைத் துடைக்குறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுக்கிட்டேன். பழசு ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம். நீங்க கம்ப்யூட்டர்ல மாத்திக்குவீங்கன்னு அவர்கிட்ட குடுத்து, 'அக்காகிட்ட மறக்காமக் குடுத்துருங்க'ன்னு சொன்னேன். சரின்னு டைரியில வச்சுக்கிட்டாரு. என் கண்ணால பாத்தேன்."

மத்தியானம் நடந்தது வசுந்தராவின் மனதுக்குள் ஒரு தடவை திரும்ப ஓடியது. வரிசை மாறியிருக்கிறது என்று அவள் சொன்னபோது, யார் மாற்றியது என்று ஹரிராம் கேட்டான். கார்த்திகேஷ் கேட்கவில்லை. இந்துமேல் பாயக் காரணம் தேடுகிறவன், சோணையம்மாள் 'சின்னவுக' என்று வாயெடுத்தபோதுகூட, என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மறந்திருப்பாருக்கா. அவருக்குத்தான் ஆயிரம் வேலை," என்றாள் இந்து. டெஸ்டிங் மேஜையில் கிடந்த டைரி அவள் கண்ணில் பட்டது. "இருங்க, இதுலதான் இருக்கும்."

"இந்து, அதைத் தொடாத. அவன் வரட்டும்."

அதற்குள் அவள் எடுத்துவிட்டாள். பக்கங்களைப் புரட்ட வேண்டியதுகூட இல்லை. நாலாக மடித்த தாள் ஒன்று அட்டைக்குள்ளிருந்து நழுவி மேஜையில் விழுந்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் ஆயுத பூஜைத் தேதி; ஓரத்தில் காய்ந்த சந்தனத்தில் ஒரு கட்டைவிரல் பதிவு. பின்பக்கம் நீல ஸ்கெட்ச் பேனாவில் இந்துவின் குண்டுக் குண்டு எழுத்து. பதினேழிலிருந்து இருபத்துநாலு வரை, பழசுக்கு நேரே புதுசு. கீழே, 'அக்கா, பார்த்து மாத்திக்கோங்க' என்று ஒரு வரி.

"பாத்தீங்களா?" குழந்தைபோலச் சிரித்தாள். "நான் சொன்னேன்ல!"

வசுந்தரா அவளைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நம்பரில் மூன்றைச் சுற்றி மட்டும் வட்டம் போட்டிருந்தது. பதினேழு. பத்தொன்பது. இருபத்திரண்டு.

ஆம்புலன்ஸ் சாம்பிளில் இருந்தவை அந்த மூன்றும்தான். வட்டம் சிவப்பு மை.

"வசு, கெளம்பலாமா? ஸ்கூட்டர்லயே போயிருவோம், நீ பஸ்ஸுல தொங்க வேணாம்." ஹரிராம் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்தான். "என்ன அது, தாளு?"

மத்தியானத்திலிருந்து ஒரு பொய்யைத் தூக்கிச் சுமந்தவளுக்கு இரண்டாவதைத் தூக்கக் கை எழவில்லை. தாளை அவனிடம் நீட்டியவள் இந்துதான்.

"டப்பா லிஸ்ட்டு மாமா. பூசையன்னிக்கே உங்க தம்பிகிட்ட குடுத்தேன், அக்காகிட்ட குடுக்கச் சொல்லி. மறந்துட்டாரு போல."

ஹரிராம் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தான். பிறகு விரலைச் சிவப்பு வட்டத்தின் மேல் வைத்து, எடுக்காமல், மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

"மூணு கனெக்டர்னு சொன்னியே வசு. எந்த மூணு?"

அவள் பதில் சொல்லுமுன் வாசல் பக்கமிருந்து கார்த்திகேஷின் உற்சாகமான குரல் கேட்டது.

"அண்ணே! அவர் கெளம்பிட்டாரு. சென்னைக்குப் போன் போட்டுரட்டா?"